மூச்சுக் கணக்கு

அவர்களுக்குள் நடந்த கடைசிச் சண்டை ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷைப் பற்றியது.

ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளத்தில், எப்போதும் ஈரம் காயாத அந்த அறையில், அவள் கணவர் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு ரப்பர் கிண்ணங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டால்பின் முதுகில் கருவியை ஒட்டவைக்கிற கிண்ணங்கள் அவை. வழுவழுப்பு ஏறிவிட்டால் பிடிக்காது, வினிகர் ஊற்றித் தேய்க்க வேண்டும். அறை முழுக்கப் புளித்த வாடை. அவள் உள்ளே வந்தவள் அவர் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது யாரோட பிரஷ்?"

"பழசுதானே?"

"நேத்து ராத்திரி வரைக்கும் அது என் வாய்லதான் இருந்துச்சு."

அவர் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடடா. டால்பினுக்கு ஒன்னும் ஆகாதே?"

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு டால்பினைக் கட்டியிருக்கலாம்."

"அதுங்களுக்குக் காது கூர்மை. ஒரு வாரம் தாங்காது."

ஈரத் துணியை எடுத்து அவர் மேல் வீசினாள். அவர் குனிந்துகொண்டார். துணி சுவரில் பட்டு ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில்தான் மொட்டை மாடியிலிருந்து அவருடைய தம்பியின் குரல் கேட்டது.

"அண்ணா! கழண்டுடுச்சு! விடாம கத்துது!"

நீந்துவதற்கு ஒரு டால்பின் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பதுதான் அந்த நிலையத்தில் எல்லாருக்கும் சோறு போட்ட கேள்வி. கப்பல்களும் விசைப்படகுகளும் துரத்தத் துரத்த ஓடிக்கொண்டே இருக்கிற தாய் டால்பினுக்குக் குட்டியை வளர்க்கத் தெம்பு மிஞ்சுமா மிஞ்சாதா என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கடலில் நீந்துவதைப் பிடித்துத் தராசில் வைக்க முடியாது. அதனால் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். நிலையத்தின் பின்னால் வலை கட்டிய குளத்தில் பழக்கிய டால்பின் ஒன்று இருந்தது. மூச்சு விடுவதற்குக் கண்ணாடிக் கூடை போன்ற ஒரு கவிகைக்குள் மட்டுமே அது தலையை நீட்டும். உள்ளே போன காற்றில் எவ்வளவு ஆக்சிஜன், வெளியே வந்ததில் எவ்வளவு என்று குழாய் வழியாக அளந்துவிடலாம். சும்மா மிதக்கும்போது ஒரு மூச்சுக்கு இவ்வளவு, வேகமாக நீந்தி வந்த பிறகு இவ்வளவு என்று தெரிந்துவிட்டால், கடலில் இருக்கிற டால்பினின் மூச்சையும் வால் வீச்சையும் எண்ணியே மீதிக் கணக்கைப் போட்டுவிடலாம்.

கவிகை வேலை அவளுடையது. ஆண்டுக்கணக்காகக் குளத்தோரம் உட்கார்ந்து மூச்சுக் கேட்டுக் கேட்டு, நிலையத்தில் அவளுக்கு மூச்சுக்காரி என்றே பேர் விழுந்துவிட்டது. "பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு. என் குறட்டைக்கும் கணக்கு எழுதிடுவா" என்று கணவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

கடல் வேலை அவருடையது. நீளக் கழியின் நுனியில் கருவியை வைத்துக்கொண்டு, படகுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டுகிற டால்பின் மேல் பட்டென்று ஒட்டிவிடுவார். கருவி அதன் மூச்சையும் வால் வீச்சையும் தனக்குள் பதிந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் ஆனதும் தானாகக் கழன்று மிதக்கும். கழன்றதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் தலையில் ஒரு கம்பி உண்டு. கம்பி தண்ணீருக்கு மேலே இருந்தால் மட்டும் 'கீச், கீச்' என்று குரல் கொடுக்கும். டால்பின் முதுகில் இருக்கும்போது அது மூச்சு விட மேலே வரும் நேரத்துக்கு மட்டும் ஒரு கீச்சொலி, பிறகு மௌனம். கழன்று மிதந்தால் ஓயாத கத்தல். மொட்டை மாடியில் ஆன்டெனா போன்ற ஏற்பிக் கம்பியைத் திருப்பித் திருப்பி, அதோடு இணைத்த பெட்டியில் அதைக் கேட்கிற வேலை தம்பியுடையது, அதாவது அவளுடைய கொழுந்தனுடையது.

அன்று கருவி இருந்தது கிழிசல் முதுகில். முதுகுத் துடுப்பு கிழிந்திருந்ததால் அதற்கு அந்தப் பேர்; தாய் டால்பின், குட்டியோடு திரிகிறது. கழலும் நேரமும் ஆகியிருந்தது. கருவி ஓயாமல் கத்துகிறது என்றால் வேறென்ன அர்த்தம்?

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். கேப்டன் ஏற்கனவே படகில் இருந்தான். அவன் வாழ்நாளில் ஓட்டிய பெரிய கப்பல் நிலையத்தின் அந்தச் சின்ன ஃபைபர் படகுதான். அதனால்தான் அவனுக்குக் கேப்டன் என்ற பட்டம்.

"சாயங்காலம் காத்து இருக்குன்னு வானிலைல சொல்லியிருக்கான்" என்றாள் அவள்.

"சாயங்காலம் நான் வீட்டுல உன்கிட்ட திட்டு வாங்கிட்டு இருப்பேன்."

அவ்வளவுதான். படகு வடக்கே போனது.

மத்தியானம் சாய்ந்தபோது வயர்லெஸ்ஸில் அவர் குரல் வந்தது. "பாறைத்திட்டுக்கு வந்துட்டோம். சத்தம் பலமா கேக்குது. கைக்கெட்டற தூரம்தான். எடுத்துட்டுக் கிளம்பறோம்."

காற்று சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. வடக்கு மூலையில் கறுத்து, மாடியில் காய்ந்த சாக்குகளைத் தூக்கி எறிந்துகொண்டு வந்தது. கடல் வெள்ளையாகிவிட்டது. அவள் மாடிக்கு ஓடினாள். கொழுந்தன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பதில் இல்லை. நிலையத்தின் தலைவரான பேராசிரியர் கீழிருந்தே துறைமுகத்துக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு மீட்புப் படகு. கையில் பிடிக்கிற ஏற்பிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு அவரும் அதில் ஏறிக்கொண்டார்.

அப்போதுதான் கொழுந்தன் கத்தினான். "கேக்குது அண்ணி! தெற்கால கேக்குது!"

'கீச்.' நடுவில் இடைவெளி. மறுபடி 'கீச்.'

அந்தச் சத்தத்துக்கு அந்த மாடியில் என்ன பொருள் என்று வெளியாளுக்குச் சொன்னால்தான் புரியும். ஒரு முறை, கடலிலிருந்து எடுத்த கருவி படகின் விளிம்பிலிருந்து வழுக்கி மறுபடி விழுந்து, ஒரு பருவத்து வேலை முழுக்கத் தண்ணீரோடு போனது. அன்று முதல் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கருவியை எடுத்த கையோடு தன் மிதவைச் சட்டையின் தோள் கொக்கியில் மாட்டிக்கொள்வார். கரைக்கு வந்துதான் கழற்றுவார். "இனிமே இது போகணும்னா நானும் போகணும்" என்பார். ஆக, கருவி எங்கே கத்துகிறதோ அங்கே அவர். மாடியிலும் சரி, மீட்புப் படகிலும் சரி, யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

"உயிரோட இருக்கான்" என்றான் கொழுந்தன். அவன் முகத்தில் மழைத் தண்ணீரும் சிரிப்பும் கலந்து வழிந்தன. "படகு கவுந்திருக்கும். காத்து தெற்க தள்ளிட்டுப் போகுது. அலை மூடறப்ப சத்தம் நிக்குது, தூக்கறப்ப கேக்குது. பாருங்க அண்ணி, மிதந்துட்டே இருக்கான்!"

எல்லாம் பொருந்திப் போனது. காற்று வடக்கிலிருந்துதான். சத்தம் தெற்கே நகர்ந்துகொண்டுதான் இருந்தது. வயர்லெஸ்ஸில் பேராசிரியர், "எங்களுக்கும் கேக்குது. அதைப் பிடிச்சுட்டே போறோம்" என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டாள். கணவன் குரலைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

கேட்கக் கேட்க அவள் கை தானாக மடியில் தட்டத் தொடங்கியது. குளத்தோரம் உட்கார்ந்து பழகிய கை. நெருக்கமாக இரண்டு கீச்சொலி. பிறகு நீண்ட மௌனம். பிறகு ஒன்று. பிறகு அதே நீண்ட மௌனம். மறுபடி நெருக்கமாக இரண்டு.

கை நின்றுவிட்டது.

இன்னொரு சுற்று கேட்டாள். இன்னொன்று. தான் கேட்பது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி" என்றாள். அவன் காதில் விழவில்லை. மறுபடி சொன்னாள். "தம்பி, அது அவர் இல்ல."

"என்ன?"

"கிழிசல். அது கிழிசல் விடற மூச்சு."

அவன் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். "அலை அண்ணி. அலை மூடி மூடித் திறக்குது."

"அலை இப்படி அளந்து மூடாது. ஒன்னு பெருசா வரும், ஒன்னு சின்னதா வரும். பயந்து போன மனுஷன் கையும் காலும் அடிச்சுக்குவான். இது ரெண்டும் இல்ல. இது நிதானமா இருக்கு. ரெண்டு மூச்சு சேர்த்து விடுது, உள்ள போகுது, வந்து ஒன்னு விடுது, மறுபடி போகுது. தெற்கே காத்து அடிக்காத மறைவுப் பக்கம் போய் ஒதுங்கப் போகுது, குட்டியைக் கூட்டிட்டு."

"காலைல நான் கேட்டேனே! விடாம கத்துச்சே! கழண்டு மிதந்துச்சே!"

அவளுக்கு அவனைப் பார்க்கவே முடியவில்லை. "மேலாக மிதந்து ஓய்வெடுத்திருக்கும். அப்ப முதுகு வெளியவே இருக்கும் இல்ல. அப்பவும் விடாமதான் கத்தும்."

அவள் சொன்னதன் அர்த்தம் அவனுக்கு விளங்கிவிட்டது. கருவி கழலவே இல்லை என்றால், கழன்றுவிட்டது என்று கூவி அண்ணனைக் கடலுக்கு அனுப்பியது யார்?

"இல்ல" என்றான். "இல்ல அண்ணி. அப்படி இருக்காது."

"அதை அப்புறம் பேசலாம். மைக்கைக் குடு. அவங்க தப்பான பக்கம் போறாங்க."

அவன் மைக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "தரமாட்டேன். நீங்க சொல்றது தப்பா இருந்தா? திருப்பிவிட்டுட்டு, அவன் அங்கயே கத்திட்டுக் கிடந்தா? இந்தக் கடல்ல நமக்குன்னு இருக்கற ஒரே நூல் அது. அதை அறுக்கச் சொல்றீங்களா?"

"நானும் அதைத்தாண்டா பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன்."

மாடிப்படியில் யாரோ ஓடி வருகிற சத்தம். கேப்டனின் மனைவி. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். செய்தி கேட்டுப் போட்டது போட்டபடி வந்திருந்தாள். அளவெடுக்கிற நாடா கழுத்திலேயே தொங்கியது. "எங்க வீட்டுக்காரர் பேசினாரா?" என்றாள். அவள் இவர்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பேசிப் புரியவைக்க நேரம் இல்லை.

"தம்பி, ஒன்னே ஒன்னு செய். என் விரலைப் பாரு. சத்தம் வர்றதுக்கு முன்னாடி தூக்கறேன். தப்பாச்சுன்னா மைக் உன்கிட்டயே இருக்கட்டும்."

கண்ணை மூடிக்கொண்டாள். காற்று, மழை, தையல்காரியின் மூச்சிரைப்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, குளத்தோரம் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்தாள். இறங்கிப் போகிற ஒரு கறுத்த உடம்போடு தானும் இறங்கினாள். மௌனம் நீண்டது. தவறட்டும், தவறட்டும் என்று கொழுந்தனின் உதடு முணுமுணுத்தது. அவள் மனதும் அதையேதான் சொன்னது.

விரல் எழுந்தது.

'கீச்.'

விரல் இறங்கியது. மௌனம். இந்த முறை இன்னும் நீளமாக இருந்தது போல் இருந்தது. ஒருவேளை வராதோ என்று அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. இரண்டு விரல்கள் எழுந்தன.

'கீச், கீச்.'

மறுபடி மௌனம். மறுபடி ஒற்றை விரல். அவன் சத்தம் வருகிறதா என்று பார்க்கவில்லை. மைக்கை அவள் மடியில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். கீச்சொலி அதற்குப் பிறகுதான் வந்தது.

"சார், திரும்புங்க" என்றாள் மைக்கில். "நீங்க பின்னாடி போறது டால்பின். கருவி இன்னும் அது முதுகுலதான் இருக்கு. பாறைத்திட்டுக்குப் போங்க. கடைசியா பேசின எடத்துக்குப் போங்க."

கரகரப்பு. பிறகு பேராசிரியர். "நிச்சயமா தெரியுமாம்மா?"

பின்னாலிருந்து மீட்புப் படகுக்காரர் குரல் குறுக்கிட்டது. "எங்களுக்குக் கேக்கற ஒரே சத்தம் இதுதான்மா. இதை விட்டுட்டுத் திரும்பினா, மறுபடி இங்க வர்றதுக்குள்ள இருட்டிடும். ஒரு தடவைதான் போக முடியும். யோசிச்சு சொல்லுங்க."

அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"நிச்சயமா தெரியும். திரும்புங்க."

"சரி" என்றது வயர்லெஸ்.

மீட்புப் படகு திரும்பிய பிறகும் கீச்சொலி வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு, ஒன்று, இரண்டு. எந்தக் கவலையும் இல்லாமல். அவள் கையை நீட்டி ஏற்பிப் பெட்டியின் ஒலிக்குமிழைத் திருகி அணைத்தாள். ஒரு டால்பின் கடலில் கருவியோடு இருக்கும்போது அந்த மாடியில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

தையல்காரி நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கொழுந்தன் சுவரைப் பார்த்தபடியே நின்றான். அவன் முதுகைத் தொடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. தொட்டால் இருவரும் உடைந்துபோவோம் என்று விட்டுவிட்டாள். மழை நின்றது. கடல் நிற்கவில்லை. அடிவானத்தில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது.

வயர்லெஸ் கரகரத்தது.

"படகு தெரியுது. கவுந்து கிடக்கு, பாறையில சிக்கி." இடைவெளி. "மேல ஆள் இருக்கு. ஒருத்தர் இருக்கார்."

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். தையல்காரி அவள் கையைப் பிடித்தாள். எவ்வளவு இறுக்கம் என்றால், மறுநாளும் அங்கே விரல் தடம் இருந்தது.

"யாருன்னு கேளுங்க" என்றாள் தையல்காரி. "அக்கா, யாருன்னு கேளுங்க."

அவளுக்கு மைக்கை அழுத்த விரல் வரவில்லை. கொழுந்தன் வந்து அழுத்தினான். "சார், யாரு?"

பேராசிரியரின் குரல் மிக மெதுவாக வந்தது. "கேப்டன். கேப்டன் மட்டும்தான்மா."

தையல்காரியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம். அடுத்த கணமே அதை விழுங்கினாள். பிடித்த கையை விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். தனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாத முகம். அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டது மூச்சுக்காரிதான். "போங்க" என்றாள். "கீழ போங்க. கொண்டு வருவாங்க. கம்பளி எடுத்து வைங்க."

மறுநாள் விடிந்த பிறகு, பாறைத்திட்டின் மறுபக்கத்தில் அவரைக் கண்டெடுத்தார்கள். மிதவைச் சட்டை சரியாகக் கட்டியிருந்தது. நெற்றியில் பாறை பட்ட காயம். தோள் கொக்கி காலியாக இருந்தது.

கேப்டன் தேறி எழுந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே கொழுந்தன் அதைக் கேட்டுவிட்டான். பல நாள் தூங்காத கண்கள்.

"நாங்க முதல்லயே அந்தப் பக்கம் வந்திருந்தா?"

கேப்டன் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "படகு புரண்டப்பவே தலையில அடிபட்டுப் போயிட்டார் தம்பி. அப்பவே. நான் ஒருத்தன்தான் தொத்திட்டுக் கிடந்தேன். நீங்க எப்ப வந்திருந்தாலும் நான்தான் இருந்திருப்பேன்."

கொழுந்தன் தரையில் உட்கார்ந்து, அண்ணன் போன நாளிலிருந்து முதல் முறையாக அழுதான். கேப்டன் சொன்னது நிஜமா என்று அவள் கேட்கவில்லை, பின்னாலும் கேட்டதில்லை. கொழுந்தன் தோளில் கை வைத்து, "எந்திரி, ஒரு வாய் தண்ணி குடி" என்று மட்டும் சொன்னாள்.

கருவி சில நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. தெற்கே வெகு தூரத்தில் நடக்கப் போன யாரோ, அதில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்து கொடுத்தனுப்பினார்கள். பேராசிரியர் அதை அலமாரியில் பூட்டி வைக்கச் சொன்னார். கொழுந்தன் அது இருக்கிற அறைக்குள்ளேயே போகவில்லை. ஒரு நாள் அவளே எடுத்துக் கம்பியை மாட்டி, உள்ளே பதிந்திருந்ததைக் கணினியில் இறக்கினாள். அவர் போய் எடுக்க நினைத்தது அதைத்தான். எடுத்தாயிற்று, படிக்காமல் விடுவது எப்படி?

மூச்சு எல்லாம் இருந்தது. வால் வீச்சு எல்லாம் இருந்தது. காலையில் மேலாக மிதந்து ஓய்வெடுத்த நேரம் இருந்தது. படகு வருகிற சத்தம் கேட்டு விலகிப் போனது இருந்தது. பிறகு காற்று. கடல் வெள்ளையாகிப் புரண்ட அந்தப் பிற்பகலில் கிழிசல் வழக்கத்தைவிடச் சற்று ஆழத்திலேயே போயிருந்தது. மேலே வந்து இரண்டு மூச்சு, உள்ளே, வந்து ஒன்று, உள்ளே. குட்டிக்காக எங்கேயோ இரண்டு முறை நின்றிருந்தது. அவள் குளத்துக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சாகப் பெருக்கிக் கூட்டினாள். ஒரு தடவை போட்டு நம்பாமல் மறு தடவையும் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் போட்டாள்.

காற்று அடிப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு கிழிசல் எவ்வளவு சக்தி செலவழித்ததோ, காற்று அடித்தபோதும் அவ்வளவுதான் செலவழித்திருந்தது.